இடைவேளைக்குப் பிறகு

இந்த வருஷம் வந்த படங்களில் இரண்டாம் பாதி உருப்படியாக இருந்தவை மிகக் குறைவு, சேர். எடுக்கிறவர்களுக்கு இடைவேளை வரைக்கும்தான் யோசனை ஓடுகிறது போலும். நான் சும்மா சொல்லவில்லை. ஹட்டன் தியேட்டருக்கு வந்த தமிழ்ப் படம் எதையும் விட்டவனல்ல. ஹுசைன் நானாவின் புடவைக் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடையைப் பூட்டும்போது அவர், "அழகன், நீங்க இனி போங்க. ஊட்டுல அவங்கள தனியா உடாதீங்க" என்பார். நான் தலையாட்டிவிட்டுத் தியேட்டருக்குப் போவேன்.

தைப்பொங்கலுக்கு வந்த படம் வெட்டுக்குத்து. கதாநாயகன் ஊரையே வெட்டிச் சாய்க்கிறான், சட்டை கசங்கவில்லை. ஆனால் வில்லனாக நடித்த கிழவர், மகன் செத்த அன்று தனியாக உட்கார்ந்து சோறு தின்கிற ஒரு காட்சி இருக்கிறது. பசியும் இல்லை, நிறுத்தவும் தெரியவில்லை. அது நிஜம். அப்படித்தான் தின்போம்.

அதற்குப் பிறகு வந்தது பேய்ப்படம். செத்துப்போன தாய் பிள்ளையைத் தேடி வருகிறாள். தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைத் தேடுகிறவளுக்கு எதற்கு அவ்வளவு மேளச்சத்தம்? தேடுகிறவள் சத்தமே இல்லாமல்தான் தேடுவாள். என் மனைவி நாகலெட்சுமி அப்படித்தான்.

எங்கள் மகள் சுலக்ஷனா ஸ்கூல் விட்டு வரும்போது ஓடை இழுத்துப் போனதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று பெய்தது பெரிய மழைகூட இல்லை. கீழ் மலையில், தேயிலைச் செடியின் வேரில் சட்டை மாட்டிக் கிடந்தவளை நான்தான் தூக்கி வந்தேன். அதற்குப் பிறகு லெட்சுமிக்கு நான் யாரென்று தெரியவில்லை. "அண்ணே, எம் புள்ளைய எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்பாள். கட்டின புருஷனை அண்ணன் என்பாள். கண் அசந்தால் ஓடைக்குப் போய்விடுவாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் வேலைக்குப் போகும்போது எங்கள் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, வெளியிலிருந்து பூட்டினேன். பின்கதவை ஆணி அடித்து மூடினேன். எங்கள் லயத்து வரிசையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் தப்பாகச் சொல்லவில்லை. எல்லாரும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். யார் பார்த்துக்கொள்வது?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து அவளுக்குப் படக்கதை சொல்வேன். அந்த நேரம் மட்டும்தான் என் முகத்தைப் பார்ப்பாள். கதையில் பிள்ளை செத்தால் சாகாமல் மாற்றிச் சொல்வேன். பேய்ப்படத்தில் தாயையும் உயிரோடு வைத்துக்கொண்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள அப்பறம் சாப்புட்டுச்சா?" என்பாள். சாப்பிட்டது என்பேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும், சேர்?

நீங்கள் விசாரிக்கிற அந்த வெள்ளிக்கிழமை பார்த்தது வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனின் கதை. படம் பரவாயில்லை. குறை சொல்வதென்றால், ஆற்றிலிருந்து தூக்கிய பிள்ளையின் தலைமயிர் காய்ந்து பறக்கிறது. அப்படி இருக்காது. நெற்றியோடு ஒட்டிக்கிடக்கும், மண் இருக்கும், விலக்கிவிட்டாலும் திரும்ப ஒட்டும். அதைத் தெரிந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லைபோல. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை உயிரோடு கிடைக்கும் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. கிடைப்பதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் பழனியாண்டி அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். பக்கத்துக் காம்பராக்காரர். மூச்சு வாங்கியது.

"அழகா, லயத்துல தீ புடிச்சிருச்சுடா. கோடிக் காம்பராவுல கரண்ட் வயரு பத்தி ஒங்க கூரை வரைக்கும் வந்திருச்சு. லெட்சுமி உள்ளயா இருக்கு? கதவ ஒடைக்கவா?"

"இல்லண்ணே. காலையிலயே நோர்வூட் டவுன்ல இருக்கிற அதோட அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். உள்ள யாருமில்ல. நீங்க மத்தவங்க காம்பராவப் பாருங்க."

"நல்ல காலம்டா சாமி," என்றார் அவர். நல்ல மனிதர். நான் சொன்னதை நம்பி மற்றக் காம்பராக்களில் இருந்த சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் வாக்குமூலத்தை எழுதும்போது அதைச் சேர்த்து எழுதுங்கள். இப்போது அவர் சோறு தின்பதில்லையாம். என்னைப் பார்க்க இங்கே வந்தார், நின்றுவிட்டுப் போனார்.

அப்போது கதவை உடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். இருக்கலாம்.

கோபத்தில் செய்ததல்ல இது. அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவள் இங்கே இருந்ததே இல்லை, சேர். மகளிடம் போகத் துடித்துக்கொண்டிருந்தாள். பூட்டைப் போட்டுத் தடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் தடுக்காமல் விட்டேன். நான் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். படம் முடிந்ததும் மழைத் தூறலில் பஸ் ஏறினேன். மனது அமைதியாக இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அவளுக்கு ஒரு பட்டன் போன் வாங்கி வைத்திருந்தேன். அதில் என் நம்பரை மட்டும் போட்டு, அழுத்தக் கற்றுக்கொடுத்தேன். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. தீயில் அதுவும் போய்விட்டது. நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாமலே போகலாம்.

பழனியாண்டி அண்ணன் எனக்குப் போன் எடுப்பதற்கு முன்னால் அவளுடைய அந்தப் போனிலிருந்து ஒரு கோல் வந்தது. இடைவேளை. நான் வெளி வராந்தாவில் கடலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"என்னங்க," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலம். "என்னங்க, நான் லெட்சுமி பேசுறேன். வீட்டுக்குள்ள பொகையா வருதுங்க. கதவு தொறக்க மாட்டேங்குது. பயமா இருக்கு, வெரசா வாங்க."

"இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அவள் மகளைக் கேட்கவே இல்லை, சேர். என்னைத்தான் கூப்பிட்டாள்.