நரிமுனைத் தீ

இல்ல தம்பி, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். நீ மொதல்ல அந்த மீன் சூப்பக் குடி, ஆறிப்போனா வாடை அடிக்கும். ரெண்டு மணி நேரம் படகுல வந்திருக்க, மூக்கெல்லாம் செவந்து கெடக்கு. போலீஸ் உடுப்புல வந்துட்டேங்கிறதுக்காக உன்னை நீங்க வாங்கன்னு பேச எனக்கு வராது மகார். நீ வயித்துல இருக்கறப்ப உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு ரயிலேத்தி விட்டவ நான்.

ஆமா, புரொபசர் வெனியாமின் ல்வோவிச்சக் காணோம்னு முகாமுக்கு வந்திருக்கற அந்த ஜெர்மன் பொண்ணுதான் போன் போட்டுச்சு. நல்ல பொண்ணு. அழுதுருச்சு பாவம். காணோம்னு சொன்னது அது, நான் சொல்லல. நான் சொன்னது, தனியா தங்கிக் குருவி எண்ணப் போயிருக்காருன்னு. அதுல எவ்வளவு நெசம் எவ்வளவு பொய்னு கடைசியில நீயே பிரிச்சுக்க. ரொட்டி எடுத்துக்க.

பதினேழு வருஷமா இந்தக் காப்புக்காட்டுல வெயில் காலம் ஆனா நான்தான் சமையல். அமெரிக்காக்காரப் பிள்ளைங்க, ஜெர்மன், ஜப்பான், நம்ம ஊர்க் காலேஜுப் பிள்ளைங்கன்னு கலந்து கட்டி வருவாங்க. மூணு வாரம் பாதை போடுவாங்க, ஏரியில கெடக்கற சீல் மிருகங்கள எண்ணுவாங்க, பறவைக்கு வளையம் மாட்டுவாங்க. ஒருத்தருக்கொருத்தர் பாஷை தெரியாது. மொத நாள் கையக் கையக் காட்டிப் பேசுவாங்க. கடைசி நாள் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. நான் கிரேச்காத் தானியக் கஞ்சிய வச்சா ஒருத்தன் இதுல கறி இருக்கா, ஒருத்தி பால் இருக்கான்னு கேப்பாங்க. கரடி எத்தனை மணிக்கு வரும்னு ஒருத்தன் கேட்டான், ஏதோ பஸ்ஸு மாதிரி. அதுங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மகார். இத எழுதிக்க. பிள்ளைங்க மேல இல்ல.

என் புருஷன உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்ப சின்னவன். ஆனா பேரு தெரிஞ்சிருக்கும். புரோகோர் தீ. இன்னிக்கும் நம்ம ஊர்ல அப்படித்தானே சொல்றாங்க? புரோகோர் தீக்கு முன்னாடி, புரோகோர் தீக்குப் பின்னாடின்னு. ஏதோ சண்டை மாதிரி, வெள்ளம் மாதிரி, ஒரு மனுஷனோட பேர அதுக்கு வச்சுட்டாங்க.

தொண்ணூத்தஞ்சு. மொத மொதல்ல அமெரிக்காப் பிள்ளைங்க வந்த வருஷம். அவரு அப்ப வனக்காவலரு, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அந்தப் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் காடு காடா அலைவாரு. எந்தத் தடம் கரடி, எந்தத் தடம் மான்னு காட்டுவாரு. அதுங்களுக்குத் தலைவனா தலைநகரத்துலேர்ந்து ஒரு ஆராய்ச்சி மாணவன் வந்திருந்தான். இங்கிலீசு தண்ணியாப் பேசுவான். அவன்தான் வெனியாமின்.

அந்த ஜூலையில ஒரு சொட்டு மழை இல்ல. காட்டுல தீயே மூட்டக்கூடாதுன்னு உத்தரவு. நம்ம காட்டுல பாசி எப்படிக் கெடக்கும்னு உனக்கே தெரியும். மேல அணைச்சாலும் அடியில பொகையாம ஊர்ந்துக்கிட்டே கெடக்கும். அப்புறம் ஒரு நாள் காத்தடிச்சா எந்திரிச்சு நிக்கும். ஜூலை முப்பதாம் தேதி, ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற நரிமுனையில எந்திரிச்சுச்சு. முந்நூத்தம்பது ஹெக்டேர். பைன் கொட்டை பொறுக்கி நம்ம ஊரு முழுக்கக் குளிர்காலத்த ஓட்டுன காடு அது.

விசாரணை வந்துச்சு. வெனியாமின் எழுதிக் குடுத்தான், இருபத்தேழாம் தேதி நரிமுனையில வனக்காவலரு பொகைபிடிச்சத என் கண்ணால பாத்தேன்னு. அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. இவரு பொகைபிடிக்கிறவருதான், ஊரே அறியும். நான் அன்னிக்கு நரிமுனைப் பக்கமே போகலன்னு இவரு சொன்னாரு. கூட யாரு இருந்தான்னு கேட்டாங்க. காவல் காக்கிறவன்கூட யாரு இருப்பா?

தண்டனைய நிறுத்தி வச்சாங்க, ஜெயிலு இல்ல. ஆனா வேலை போச்சு. துப்பாக்கிய வாங்கிக்கிட்டாங்க. காப்புக்காட்டு எல்லைக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. ஊர்ல யாரும் சண்டைக்கு வரல. வந்திருந்தாக்கூடத் தேவல. கடையில இவரு நுழைஞ்சா பேச்சு நின்னு போகும். இவரு வெளிய வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். உங்கம்மாவும்தான் மகார். சொல்லிக்காட்டல, நடந்தது அது.

ரயில் நிலையத்துல நிலக்கரி எறக்கப் போனாரு. மூணாவது குளிர்காலம், மைனஸ் நாப்பதுல, வேகன் மேலயே உக்காந்தவரு எந்திரிக்கல. இதயம்னு எழுதினாங்க. ஆமா, அதுவும் ஒரு வகையில சரிதான்.

அவரு போன நாப்பதாம் நாள் நினைவுச் சாப்பாடு வச்சேன். வந்தது நாலு பேரு. அன்னிக்குத்தான் தபால் வந்துச்சு, அமெரிக்காவுலேர்ந்து. அவரு பேருக்கு. கொலீன்னு ஒரு பொண்ணு, அந்த வருஷம் வந்தவ. எங்க வாத்தியாரம்மாவ விட்டு வாசிக்கச் சொன்னேன். அன்புள்ள புரோகோர், உங்க காட்டுல இருந்த அந்த மூணு வாரம்தான் என் வாழ்க்கையிலயே சந்தோஷமான காலம், படம் கழுவ இத்தனை நாள் ஆயிடுச்சு, மன்னிச்சிருங்கன்னு எழுதியிருந்தா. பன்னெண்டு படம். அதுல ஒன்னுல வெனியாமின் குத்துக்கால் வச்சு உக்காந்து தீய ஊதிக்கிட்டிருக்கான். மேல கெட்டில் தொங்குது. சிரிக்கிறான். பின்னால நரிமுனையோட அந்தப் பொளந்த பாறை. மூலையில செவப்புல தேதி. இருபத்தேழு, ஏழு, தொண்ணூத்தஞ்சு.

அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் தெரியாது தம்பி. தீ கெளம்புறதுக்கு முந்தின நாளே அவங்க கூட்டம் ரயிலேறிருச்சு. அவளப் பொறுத்தமட்டும் அவன் அவளுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தான்.

எடுத்துக்கிட்டுப் போகாமயா? போனேன். வழக்கு முடிஞ்சுருச்சும்மா, ஆளும் இல்லையேன்னாங்க. அவன் படிச்ச எடத்துக்கு எழுதினேன். ஏழு கடுதாசி. பதில் இல்ல. அப்புறம் புதுசா வந்த டைரக்டரு எரக்கப்பட்டு இந்தச் சமையல் வேலையப் போட்டுக் குடுத்தாரு. நானும் வந்துட்டேன். வரட்டும்னு இருந்தேனா? அப்படித்தான் எழுதிக்கயேன். எனக்கே சரியாத் தெரியல.

அந்தத் தீக்கப்புறம் இந்த ஜூலையிலதான் இங்க திரும்பி வந்தான். புரொபசரு, தாடி, இந்தப் பரிமாற்ற முகாம் எல்லாத்துக்கும் அவன்தான் தலைமை. வந்ததும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, உல்யானா அத்தை, உங்க முட்டைக்கோஸ் பணியாரத்தப் பத்தி ஊரெல்லாம் பேச்சுன்னான். என்னைத் தெரியல. எப்படித் தெரியும்? விசாரணையில அஞ்சாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன், திரும்பிப் பாத்திருந்தால்ல தெரியும்.

அதக்கூட முழுங்கியிருப்பேன் மகார். சத்தியமா முழுங்கியிருப்பேன். மொத நாள் சாப்பாட்டுக்குப் பிள்ளைங்கள உக்கார வச்சு ஒரு கதை சொன்னான். பாதி ரஷ்யன்ல, பாதி இங்கிலீசுல. இந்த ஏரிக்கரையில ஒரு வனக்காவலரு இருந்தாரு, காட்டக் காப்பாத்த வேண்டிய ஆளு, ஒரே ஒரு சிகரெட்டுல முந்நூத்தம்பது ஹெக்டேரக் கரியாக்கினாரு, அதனால பிள்ளைங்களா, சட்டம்னா சட்டந்தான்னான். பேரையும் சொன்னான். பிள்ளைங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அந்த ஜெர்மன் பொண்ணு, ஐயோ அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு கேட்டுச்சு. குடிச்சே செத்தாருன்னு கேள்வின்னான். நான் அகப்பைய வச்சுக்கிட்டு அவன் பின்னாலதான் நின்னேன். அப்புறம் மொழிபெயர்க்க வந்த பையன் சொன்னான், இந்தக் கதைய அவரு போற மத்த ஊரு முகாமு எல்லாத்துலயும் சொல்லுவாராம். வருஷா வருஷம். எத்தனை தேசத்துப் பிள்ளைங்க அதக் கொண்டுக்கிட்டுப் போயிருக்கும், சொல்லு.

என் புருஷன் குடிக்க மாட்டாரு தம்பி. ஈஸ்டருக்கு ஒரு கிளாஸ், அவ்வளவுதான்.

திங்கக்கிழமை அவனுக்கு நரிமுனையப் படம் எடுக்கணும்னு ஆசை, எரிஞ்ச காடு எப்படித் தழைச்சிருக்குன்னு. படகு ஓட்டுறவனுக்குப் பல்வலி. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னேன். படகு எனக்குத் தண்ணிபட்ட பாடு. கெளம்பறப்ப அவன் போன் இங்க சார்ஜுல கெடந்துச்சு. பாத்தேன். சொல்லல.

எறக்கி விட்டேன். கேமராவத் தூக்கிக்கிட்டு மேல ஏறினான். நான் படகத் தள்ளி இருபது மீட்டர் உள்ள போய் நின்னேன். திரும்பி வந்து பாத்துட்டு மொதல்ல சிரிச்சான். அத்தை, என்ன வெளையாட்டு இதுன்னான்.

நான் புரோகோர் பொண்டாட்டின்னேன்.

அவன் மூஞ்சிய நீ பாக்கணும் மகார். பேரு உடனே புரிஞ்சுருச்சு அவனுக்கு. அதுதான் எனக்கு ஆத்திரம். மறந்திருந்தா இன்னொரு தடவ சொல்லியிருப்பேன். மறக்கல அவன்.

மேல காவல் குடிசையில மாவு இருக்கு, கிரேச்கா இருக்கு, உப்பு இருக்கு, எட்டு நாளைக்குக் காணும்னேன். நேத்தே வந்து மேசையில பேப்பரும் பேனாவும் வச்சிருக்கேன், இருபத்தேழாம் தேதி நடந்தத எழுதுன்னேன். தீப்பெட்டியும் இருக்கு, பாத்து பத்தவைன்னேன். நான் கதவப் பூட்டல. எதுக்குப் பூட்டணும்? பின்னால செங்குத்துப் பாறை, முன்னால கைய வச்சா மரத்துப் போற தண்ணி. என்னென்னமோ சொன்னான். சின்ன வயசுன்னான், பயந்துட்டேன்னான், மேல்படிப்பு போயிருக்கும்னான். கடைசியா, செத்தவருக்கு இனி இதனால என்ன ஆகப்போகுதுன்னு கேட்டான். மோட்டாரப் போட்டுட்டேன்.

புதன்கிழமை காலையில மறுபடி போனேன். கரையில ஓடிவந்தான், தாடியெல்லாம் கரி. எழுதினத டப்பாவுல போட்டுப் படகுக்கு எறிஞ்சான். வாசிச்சேன். இளைஞர்களின் கவனக்குறைவால் தீ ஏற்பட்டிருக்கக்கூடும்னு எழுதியிருந்தான், அச்சடிச்ச மாதிரி. கிழிச்சுத் தண்ணியில போட்டேன். யாரு கையி குச்சிய ஒரசுச்சு, யாரு கையி பொய்யி எழுதுச்சு, அத எழுதுன்னேன். பாறையில உக்காந்து அங்கயே எழுதினான். ரெண்டு பக்கம். இந்தத் தடவ எல்லாம் இருந்துச்சு. கொலீன் பேரு, கெட்டில், தேதி, விசாரணை, கையெழுத்து. என் புருஷன் அன்னிக்கு அங்க இல்லவே இல்லங்கிறதத் தனியா ஒரு வரியா எழுதியிருந்தான்.

இந்தா, இங்கதான் இருக்கு, முன்னாடிப் பையில. வாசிச்சுக்க. ஈரக் கைய மட்டும் தொடச்சுக்க.

என்ன மொறைக்கிற? ஆமா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

இந்தப் பேப்பருக்காகத்தான் இத்தனையும்னு நானும் நம்பிக்கிட்டிருந்தேன் தம்பி. கையில வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டேன். அவன் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு முழங்கால் தண்ணி வரைக்கும் எறங்கி வந்துட்டான், ஏறிக்கலாம்னு. நான் அவனப் பாத்தேன். எனக்குள்ள இருந்த பாரம் எதுவும் எறங்கல. துளி எறங்கல. படகத் திருப்பிக்கிட்டு வந்து மத்தியானத்துக்கு உருளைக்கெழங்கு உரிச்சேன்.

உசுரோடதான் இருக்கான், பயப்படாத. காலையில தூரக்கண்ணாடியில பாத்தேன், பாறை மேல நின்னு சட்டைய ஆட்டிக்கிட்டிருக்கான். நீ போய்க் கூட்டிக்கிட்டு வா. சாயங்காலம் மலைக்காத்து எறங்கும், அதுக்குள்ள கெளம்பு. நீ வரலன்னா இன்னும் எத்தனை நாள் விட்டிருப்பேன்னு கேக்காத, எனக்குத் தெரியாது.

அந்தப் பேப்பர ரெண்டு நகல் எடுத்து ஒன்னு ஊர்க் கடைச் செவுத்துல ஒட்டு. மத்தபடி, நீ எழுதறதுல பல்வலி வந்தவன இழுக்காத, டைரக்டர இழுக்காத. யாருக்கும் தெரியாது. திங்கக்கெழமை விட்டவ நான், புதன்கெழமை எழுத்த வாங்கிக்கிட்டும் ஏத்தாம வந்தவ நான். அந்த ரெண்டு நாளையும் விட்டுறாம எழுது மகார். என் பேர்லயே எழுது.