பிசகு பொறுக்கும் மட்டை

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. மூணாறு மலையில் ஓர் எஸ்டேட் கோல்ஃப் மைதானம். ஆடுபவர்களின் மட்டைப் பை தூக்குகிறவர்களுக்கான போட்டி. ஒன்பதாவது குழி, கடைசிக் குழி. ஆடுபவள் மோனிஷா, அவள் பையுடன் கணவன் அஜய்.

— பந்தப் பாரு மோனிஷா. என்னைய எதுக்கு முறைக்கிற?

— முறைக்காம? போன குழியில எட்டாம் நம்பர் மட்டையிலதான அடிச்சேன். எப்பவும் அந்த சில்வர் ஓக் மரத்துக்கு நேரா விழும். இன்னைக்குக் கொடி நட்ட கிரீனத் தாண்டித் தேயிலைக்குள்ள போயிருச்சு.

— இந்த இரவல் புது மட்டைல முகத்துச் சாய்வு கம்மி புள்ள. அதான் தூரம் கூடுது. ஒம்பதாம் நம்பர எடுத்திருக்கணும்.

— அத அடிக்கிறதுக்கு முந்தி சொல்லணும்ங்க. கல்யாணம் ஆனதுலருந்து எல்லாம் நடந்தப்பறந்தான் சொல்றீங்க.

— சரி, விடு. உன்கூடப் போட்டிக்கு நிக்கிற சிஞ்சு ஆட்டத்த முடிச்சுட்டா. இந்தக் குழிய நாலு அடியில முடிச்சா அவள விட ஒரு அடி கம்மி, கிளப்புல ஆட்டம் பழக்குற வேலை உனக்கு. அதோட பை தூக்குறது போச்சு. ஒண்ணு அடிச்சாச்சு, இன்னும் மூணு. ஏழாம் நம்பர எடு.

— இந்தக் காத்துலயா? இதுக்கு எடையெல்லாம் அடியில கெடக்கு. பந்து பட்டம் மாதிரி ஏறும். எதுத்த காத்து புடிச்சு, கிரீனுக்கு முன்னால இருக்குற ஓடையில போட்டுரும்.

— பழசு மட்டும் என்னவாம்? கத்தி மாதிரி மெலிசு. நடுவுல பட்டாத்தான் போகும். ஓரத்துல பட்டா கை விறைச்சு, பந்து ஓடைக்குத்தான். போன வருசம் பாத்தோம்ல? இது முதுகு குடைஞ்சு, எடைய சுத்தி ஓரத்துக்குத் தள்ளியிருக்கு. பிசகினாலும் பொறுத்துக்கும்.

— அப்ப நான் பிசகுவேன்னு முடிவு பண்ணித்தான் இரவல் வாங்கியாந்தீங்க.

— அப்படிச் சொன்னேனா?

— சொல்ல வேற வேணுமா? நேத்து என் மட்டைய எல்லாம் கட்டிலடியில தள்ளுனப்பவே தெரியும். பைமேல கெடக்குற அந்தத் துண்ட எடுங்க. அதுக்கடியில ஒண்ணு இருக்கு.

— இது உன் பழைய ஏழாச்சே. பைக்குள்ள எப்படி வந்துச்சு?

— காலைல நீங்க டீ குடிக்கப் போனப்ப சொருகுனேன்.

— என்மேல அம்புட்டு நம்பிக்கை.

— உங்களுக்கு என்மேல இருக்குற அளவுதான். தள்ளி நில்லுங்க, நெழல் விழுது.

— தாழ்வாப் போகுதே... ஓடையத் தாண்டிருச்சு. ஏ மோனி, கொடிக்கிட்ட நிக்கிது.

— நடுவுல பட்டுச்சுங்க. கையில ஒண்ணுமே தெரியல.

— வா, வா. உருட்டி முடிச்சுட்டு அப்பறம் பேசு.

— சுவக்கீன் அண்ணே, குழியில விழுந்தத பாத்தீங்கல்ல? கணக்கு அட்டையில எத்தனை போட்டீங்க?

— நாலு. கலக்கிட்டம்மா. அஜய், பைய இப்படி வையி. மட்டைய எண்ணிட்டுத்தான் நான் அட்டையில ஒப்பம் போடணும், அதாக்கும் நியமம்.

— எண்ணுங்கண்ணே. நான் ஒண்ணு சொருகுனதோட பதினாலு.

— பதினஞ்சு இருக்கேம்மா. பதினாலுக்கு மேல கூடாதுன்னு உனக்குத் தெரியாததா?

— காலைல எண்ணுனேண்ணே. அப்ப பதிமூணுதான் இருந்துச்சு.

— மோனி... பந்து மணல் பள்ளத்துல விழுந்தா வேணுமேன்னு, டீ குடிச்சுட்டு வந்து நானும் ஒண்ணு வச்சேன்.

நான்கு அடிகள் தண்டனையாகக் கூட்டப்பட்டன. வேலை சிஞ்சுவுக்குக் கிடைத்தது.