லைன் கட்டாகாத மத்தியானம்

மோடத்தை அணைத்து மறுபடி போட்டால் பாதிக் கோளாறு தானாகச் சரியாகிவிடும் என்று லைன்காரர் சொன்னது உண்மைதான், ஐயா. ஆரம்பத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அப்போது இன்டர்நெட் இணைப்பு நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கம்பத்துப் பெட்டிக்குள் எறும்பு கூடு வைத்திருந்தது. அவர் ஏறித் தட்டிவிட்டதும் சரியாயிற்று. அதற்குப் பிறகு விட்டுப்போனதெல்லாம் என் கைவேலை.

நான் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். தம்பி வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்ததும், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கேமரா மாட்டச் சொன்னான். அதில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம்.

பேசினான். நான் வேலை விட்டு வந்து, அவளைப் புரட்டி, பீத்துணி மாற்றி, உடம்பு துடைத்து நிமிர்வேன். சுவர் வாயைத் திறக்கும்.

"அண்ணே, அம்மா தலையணை சரிஞ்சிருக்கு பாரு."

"பாத்துட்டேன்டா."

"பாத்தா பத்தாது, சரி பண்ணு. இடது பக்கம் தூக்கு. மெதுவாண்ணே, மூட்டை இல்ல அது."

அம்மா சிரிப்பாள். "அங்க இருந்துகிட்டே எம்புள்ள எப்படிக் கவனிக்குது பாரு" என்பாள். என்னிடம்தான் சொல்வாள். என் கையில் அவள் மூத்திரம் காய்ந்திருக்காது.

ஒருநாள் மோடத்திலிருந்து லைன் வயரைப் பிடுங்கினேன். பச்சை போய்ச் சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு அமைதியாயிற்று. அம்மா தண்ணீர் கேட்டாள். டம்ளரை அவள் கைக்கு எட்டாமல் மோடத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"உன்னைப் பாத்துக்கிற புள்ள யாரும்மா?"

இதில் என்ன தப்பு? சொல்லியிருந்தால் அந்த நொடியே கொடுத்திருப்பேன். அவள் கேமராவைப் பார்த்து, "தம்பி, தண்ணிடா" என்றாள். அது செத்துக் கிடந்தது அவளுக்குத் தெரியாது. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் "நீதான்" என்றாள். கொடுத்தேன்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. தண்ணீருக்கு, மாத்திரைக்கு, நனைந்த துணி மாற்றுவதற்கு. முடிந்ததும் வயரைச் செருகிவிட்டு நானே தம்பிக்குப் போன் போடுவேன். "மறுபடி லைன் போயிருச்சுடா. கம்பெனியா இது, கருமம்." அம்மா அவனிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வேளை அவளைப் புரட்டப்போகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பி புகார்மேல் புகார் கொடுத்தான். லைன்காரர் வயரை மாற்றினார், மோடத்தையே மாற்றினார். "என்னண்ணே, உங்க வீட்ல பேய் கீய் இருக்கா? நான் நின்னா ஓடுது, தெருமுனை தாண்டினா படுத்துக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நேற்றுக் காலை நான் வேலையில் இருந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவைக் கதவு திறக்கச் சொல்லி, மோடத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வயர் போனாலும் அது சிம் கார்டில் ஓடுமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை; எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று மத்தியானம் வயரைப் பிடுங்கினேன். சிவப்பு வழக்கம்போல எரிந்தது. டம்ளரை வைத்தேன். கேட்டேன். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். மறுபடி கேட்டேன்.

"அண்ணே" என்றது சுவர். "தண்ணியக் குடு."

வயர் என் கையில் இருக்கிறது. குரல் வருகிறது.

"எத்தனை நாளா இது? உன் கால்ல விழுறேன், குடுத்துருண்ணே."

கொடுக்கத்தான் டம்ளரை எடுத்தேன். அப்போது அம்மாவின் முகம் மலர்ந்தது. அவ்வளவு தாகத்திலும் மலர்ந்தது. "வந்துட்டியா ராசா" என்றாள், சுவரைப் பார்த்து. அவளைத் தூக்கித் தூக்கி என் தோள் இறங்கிப்போயிருக்கிறது. என்னை ஒருநாளும் ராசா என்றதில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன். தலையணை சரிந்திருந்தது. எடுத்து அவள் முகத்தின் மேல் வைத்தேன். மூட்டை தூக்கிய கை, அதிக நேரம் பிடிக்கவில்லை. தம்பி கத்திக்கொண்டே இருந்தான். முதல்முறையாக, இடது பக்கம் வலது பக்கம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் நான். குற்றம் அந்த லைன்காரருடையது. சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பெட்டியை மாட்டாமல் இருந்திருந்தால், நேற்றும் அவள் "நீதான்" என்று சொல்லியிருப்பாள். தண்ணீர் தயாராகத்தான் இருந்தது.