பச்சை மணல்

– இந்த ஆய்வுக் கட்டுரையில கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, அண்ணி. அல்மாட்டிக்கு அனுப்பிடலாம். நாளைக்கு அண்ணனோட வருசப் படையலுக்குச் சொந்தம் பூரா வருது. குதிரைக்கறி பரிமாறறதுக்கு முன்னாடி நானே எழுந்து சொல்றேன், ஒராஸ் அண்ணன் கண்டுபிடிச்ச கல்லாப்போன கடல் நத்தைக்கு, அந்த அம்மோனைட்டுக்கு, அவர் பேரையே வச்சாச்சுன்னு.

– பேருல எனக்கு வம்பு இல்ல, யெஸ்போல். ஓட்டோட சுருள், வரி, முதுகு மேடு எல்லாம் நான் அளந்து எழுதினதுதான். புது இனம், சந்தேகமே இல்ல. 'கிடைத்த இடம்: வெள்ளைப் பாறை'ன்னு நீ எழுதியிருக்க பாரு, அங்கதான் பேனா நிக்குது.

– அங்கதானே விழுந்தார்? செத்தப்ப அவர் கோட்டுப் பையில இருந்த கல்லுதானே இது?

– அதே கல்லுதான். நேத்து அதை அறுத்தேன்.

– அறுத்தீங்களா? இருக்கறதே ஒண்ணுதானே, அண்ணி.

– ஓட்டோட உள்ளறையைப் பாக்காம எப்படி எழுதறது? இந்தா, லென்ஸ்ல பாரு. அறைக்குள்ள என்ன அடைஞ்சிருக்கு?

– மண்ணு.

– என்ன நெறம்?

– பச்சை மாதிரி... வெளிச்சம் சரியில்ல.

– வெளிச்சத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. கடலடியில பொதைஞ்சப்ப உள்ள போன மணல் அது. வெள்ளைப் பாறை உச்சியிலேர்ந்து அடி வரைக்கும் வெறும் சுண்ணாம்பு. நாம தேடின வட்டாரத்துல பச்சை மணல் ஒரே இடத்துலதான் இருக்கு.

– பச்சைப் பள்ளமா? வேற என்னைக்கோ எடுத்ததா இருக்கும். அண்ணன் பை எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? மாசக்கணக்குல கல்லு கெடக்கும்.

– அவர் விழுந்ததுக்கு முந்தின நாள்தான் அந்தக் கோட்டைத் துவைச்சேன். பையைத் தலைகீழா உதறினவ நான்.

– சரி, விடுங்க. எந்தப் பாறைன்னு யாரு போய்ப் பாக்கப் போறா?

– இனிமே இந்த இனத்தைத் தேடறவன் எல்லாம் அங்கதான் போய் நிப்பான். நாம செத்த பின்னாடியும் போவான். பேரு தப்பாப் போனா எவனாவது திருத்துவான். இடத்தைப் பொய்யா எழுதினா யாரு திருத்தறது? நானும் போனேனே. வெள்ளிக்கிழமையானா செத்தவருக்குப் படைக்க எண்ணெயில ரொட்டி பொரிச்சுட்டு வெள்ளைப் பாறைக்குப் போய் அழுதேனே. நீதானே ஜீப் ஓட்டின? வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி பக்கத்துலயே நின்ன. சொல்லு, அவர் எங்க விழுந்தார்?

– பச்சைப் பள்ளத்துல.

– அப்புறம்?

– அங்க தோண்ட நமக்கு அனுமதி இல்ல, அண்ணி. வெளியில தெரிஞ்சா எல்லாருக்கும் வேலை போயிடும்னு குழுத்தலைவர் சொன்னார். ஜீப்புல ஏத்தி வெள்ளைப் பாறைக்குக் கொண்டுபோனோம்.

– பொணத்தை ஊரு பூரா சுத்தி இழுத்துட்டுப் போனீங்களா? பாவிங்களா.

– அடிங்க. வாங்கிக்கறேன்.

– அடிச்சா திரும்பி வந்துடுவாரா? விழுந்த ஒடனே உசிர் போச்சுன்னு அன்னைக்கு என் கையைப் புடிச்சுச் சொன்ன. அதை நெனச்சுத்தான் இந்த ஒரு வருசமும் தூங்கினேன். செத்தவருக்கு எந்தப் பாறையா இருந்தா என்ன. இடத்தைத் திருத்தி எழுதறேன். நாளைக்கு நீ சொந்தக்காரங்க முன்னால நெசத்தைச் சொல்லிடு, போதும். ஏன் எழுந்துட்ட? இந்தா, தண்ணி குடி.

– வேணாம், அண்ணி.

– குடிடா. மொகம் வெளுத்துப் போச்சு.

– எப்படிக் குடிப்பேன்? ஜீப்புல வழி பூரா அண்ணன் தண்ணி கேட்டுட்டே வந்தார்.