கட்டை வைக்க மறந்தவன்

ஐயா, ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பின் முன் டயர் உள்பக்கமாகத் தேய்ந்துகொண்டு வருகிறது. டயரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன் அச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சாமான் வராத இந்தக் காலத்தில் ஒரு டயர் போனால் போனதுதான்.

என் பெயர் கணபதி. பிலிமத்தலாவையில் கராஜ் வைத்திருக்கிறேன். மெக்கானிக் கணபதி பாஸ் என்றால் கண்டி ரோட்டில் லொறி ஓட்டுகிற எவனும் வழி காட்டுவான். போன மாதம் என் கராஜில் லொறிக்கு அடியில் அகப்பட்டு இறந்துபோன டிரைவர் வீரய்யாவின் விஷயமாக வந்திருக்கிறேன். விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நல்லது. இப்படி விஷயங்களைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும்.

லொறி சாஹுல் ஹமீது முதலாளியுடையது. பழைய லொறி. அரிசி, மாவு, சோடாப் போத்தல் எல்லாம் ஏற்றிக்கொண்டு மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டக் கடைகளுக்குப் போகும். வீரய்யா அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மனைவி மூக்காயியோடு இருந்தான். நல்ல டிரைவர். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற ஆள் இல்லை. அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் அந்த லொறியின் ஷாஃப்டைக் கழற்றினேன். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீண்ட இரும்புக் குழாய் அது. இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்லுப் பல்லாக நுழையும். எந்தப் பல்லில் இருந்ததோ அதே பல்லில் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனால் கண்ணுக்குத் தெரியாது. லொறியும் ஓடும். ஆனால் நடுங்கும்.

அதற்காகப் பிரிக்கும் முன்பு இரண்டிலும் அடையாளம் வைப்போம். மற்ற கராஜ்களில் உளியால் வெட்டுவார்கள். நான் இரும்பைக் காயப்படுத்துவதில்லை. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து இரண்டு துண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைப்பேன். திரும்ப மாட்டும்போது பொட்டுக்கு நேரே பொட்டு. கணபதி பாஸ் பொட்டு வைத்து வேலை செய்கிறவர் என்று பேராதனை வரை பேச்சு உண்டு. பக்தியென்று நினைப்பார்கள். சுத்தம்தான் காரணம்.

பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மாட்டினேன். சிவப்புக்கு நேரே சிவப்பு. லொறியை அனுப்பினேன்.

அன்று சாயந்தரமே வீரய்யா திரும்பி வந்தான். "அண்ணே, இருபத்தஞ்சு மைல் வேகத்துல ஒரு நடுக்கம் வருது. சீட்டு ஆடுது. ஒரு சில்லு எனக்குப் பின்னால வேற ரோட்டுல வர்ற மாதிரி இருக்கு" என்றான்.

அந்த நடுக்கத்தை நான் ஒரு வருஷம் தேடினேன், ஐயா. சும்மா தேடவில்லை. ஒன்றை மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, மறுபடி பழையபடி வைப்பது. அதுதான் முறை. சில்லுகளை டயரோடு கழற்றி இடம் மாற்றினேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ரப்பர்களை மாற்றினேன். வில்லுத்தகடுகளை இறக்கி ஏற்றினேன். பேராதனைப் பாலத்துக்கும் பிலிமத்தலாவைக்கும் நடுவில் எத்தனை தடவை வீரய்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து போயிருப்பேன், கணக்கில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு போவேன். இருபத்தைந்தைத் தொட்டதும் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். அதைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லி அடியில் போய்ப் படுப்பேன்.

ஷாஃப்டையும் பார்த்தேன். படுத்து, விளக்குப் பிடித்துப் பார்த்தேன். பொட்டுக்கு நேரே பொட்டு இருந்தது. நான் மாட்டியது. அதை விட்டுவிட்டேன்.

முதலாளி பொறுமையான மனிதர். அவருக்கும் ஒருநாள் பொறுமை போனது. "என்ன பாஸ், எங்கட சோடாப் போத்தல் பாதி மடுல்கெல்ல போறதுக்குள்ள ஒடஞ்சி போகுது. லொறில குறையா, ஒங்கட கைல குறையா?" என்றார்.

லொறியில் குறையில்லை என்றேன். எல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது டிரைவர் ஒருவன்தான். அவன் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறான் என்றேன். அது பொய் என்று நான் அப்போது நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதானே குறை? முதலாளி வீரய்யாவின் சம்பளத்தில் பிடித்தார். அடுத்த பொங்கலுக்குள் நடுக்கம் நிற்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். வீரய்யா என்னிடம் வந்து சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பழகினான்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல்நாள், மத்தியானம், லொறியைக் கழுவக் கொண்டுவந்தான். என் மனைவி பாலம்மா மண்ணெண்ணெய்த் துணியோடு ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் தடவ லொறிக்குப் பெரிய பொட்டா வைங்க. அண்ணன் வைத்தியத்துக்கு நிக்காத நடுக்கம் ஒங்க பொட்டுக்காச்சும் நிக்குதான்னு பாப்போம்" என்றான்.

"போடா. போன வருஷமும் நான்தானே வச்சேன்" என்றாள் பாலம்மா. "கழட்டிப் போட்டிருந்த குழாயக்கூட விடல. ரெண்டுலயும் என்னமோ சிவப்பா அப்பியிருந்திச்சி. தொடச்சி எடுத்திட்டு, புதுசா ரெண்டு பொட்டு அழகா வச்சேன்."

நான் கையில் வைத்திருந்ததைக் கீழே வைத்தேன். எனக்குப் புரிந்தது. குழாய்கள் தரையில் கிடந்தவாக்கில் மேல்பக்கம் பார்த்து அவள் வைத்திருக்கிறாள். கிட்டத்தட்ட என் இடம்தான். ஒரு பல் தள்ளி.

வீரய்யா என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "அட அண்ணே! அக்கா வச்ச பூசப் பொட்டப் பாத்தா ஷாஃப்ட மாட்டுனீங்க? ஒரு வருஷமா என் காலக் கொற சொன்னீங்களே!" லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாலம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வத்தேகமைக் கடையில சொன்னா நம்ப மாட்டானுங்க அண்ணே."

அவன் கோபப்பட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நியாயமான ஆள் நான்.

பாலம்மா தேத்தண்ணி போட உள்ளே போனாள். பூஜைக்கு முன்பே சரிப்படுத்திவிடுவோம் என்றேன். "நீ கண்டுபிடிச்சது. நீயே கழட்டு. எனக்கு இன்னைக்குக் கை நடுங்குது" என்றேன். கை நடுங்கவில்லை. அவனுக்குச் சந்தோஷம். ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தான்.

என் முற்றத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ரோட்டிலிருந்து சுவர்ப் பக்கம் சரிவு. லொறி ரோட்டைப் பார்த்தபடி நின்றது. இங்கே ஒரு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய லொறியின் கைபிரேக் சில்லைப் பிடிக்கிற மாதிரி இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கைபிரேக்கும் இல்லை, கியரில் போட்டும் பயனில்லை. லொறியைப் பிடித்து நிறுத்துவது பின் சில்லுக்கு அடியில் வைக்கும் கட்டை மட்டும்தான். பலாமரக் கட்டை. நானே செதுக்கியது.

அதை நான் வைத்தேன். அவன் படுக்கும் முன்பே வைத்து, காலால் உதைத்தும் பார்த்தேன்.

கடைசி ஆணி கழன்றதும் லொறி மெல்லப் பின்வாங்கிக் கட்டையில் உட்கார்ந்தது. அடியில் வீரய்யா பேசிக்கொண்டேதான் இருந்தான். கராஜுக்குப் பக்கத்துப் பாப்பம்மா தேத்தண்ணிக் கடையில் யார் யார் இருப்பார்கள், யாரிடம் முதலில் சொல்வது என்று. நான் சுத்தியலை எடுத்துக் கட்டையைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். பாரம் ஏறி இறுகியிருந்தது.

"என்ன அண்ணே தட்டுறீங்க?"

"கட்டைய இறுக்குறேன்" என்றேன்.

அவன் சரி என்றான். நான் சொன்னால் நம்புவான். இரண்டாவது தட்டில் கட்டை விலகியது.

லொறி வேகமாகப் போகவில்லை. முன் சில்லு ஒன்று சற்றே ஏறி இறங்கியது. பிறகு சுவரில் மோதி நின்றது. பாலம்மா தேத்தண்ணியோடு வந்தபோது நான் கட்டையைத் துடைத்துச் சுவரோரம், வழக்கமான இடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் கட்டையைத்தான் பார்த்தாள். பிறகு லொறியை. பிறகு என்னை. உங்கள் ஆட்கள் கேட்டபோது எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள். பொட்டு விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் மிச்சம். அவளைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாயைத் திறக்கிறவள் இல்லை.

விசாரணை முடிந்து நீங்கள் லொறியைத் திருப்பித் தந்ததும் ஷாஃப்டைச் சரியான பல்லில் மாட்டினேன். மடியில் தண்ணீர்த் தம்ளரோடு முதலாளியை ஓட்டச் சொன்னேன். இருபத்தைந்து, முப்பது, நாற்பது. தண்ணீர் அசையவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

"அல்லாவே, இப்ப நடுக்கமே இல்லியே" என்றார் முதலாளி. "அப்ப வீரய்யாட காலுதானா பாஸ்?"

"ஆமாம் முதலாளி" என்றேன்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் எழுதிய அறிக்கை ஊருக்குத் தெரிந்துவிட்டது. கட்டை வைக்க மறந்ததால் ஏற்பட்ட விபத்து. பாப்பம்மா கடையில் என் காதுபடச் சொல்கிறார்கள். "பாஸுக்கு வயசாயிருச்சி, சின்னப் பயலுக்குத் தெரியிற வேலைகூட மறந்துபோகுது." பொறுத்துக்கொண்டேன். மாத்தளையிலிருந்து வருகிற லொறிகள் வாசலைத் தாண்டிப் போகின்றன. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று மடுல்கெல்லைக்கு வீரய்யாவின் காரியத்துக்குப் போயிருந்தேன். போகாவிட்டால் நன்றாக இருக்காதே. மூக்காயி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற கடுதாசி அவளுக்கும் வந்துவிட்டதாம். தை மாதம் கப்பலாம். வீரய்யாவும் போக இருந்தவன்தானாம். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். இல்லை. போவதற்குள் நாலு கடையில் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பான்.

அவள் சொன்னாள்: "ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க பாஸ். வயசான மனுஷன், மறந்திட்டீங்க. வேணும்னேயா செஞ்சீங்க? மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பரிதாபமாகப் பார்த்தார்கள், ஐயா. என்னை.

அதனால்தான் விடிந்ததும் வந்துவிட்டேன். நான் மறக்கவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூடக் கட்டை வைக்க நான் மறந்ததில்லை. வைத்தேன். உதைத்துப் பார்த்தேன். பிறகு சுத்தியலால் தட்டி நானே எடுத்தேன், வீரய்யா அடியில் இருக்கிறான் என்று தெரிந்தே எடுத்தேன். இது கொலை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஊர் சிரிப்பதையெல்லாம் பொருட்படுத்துகிற ஆள் நான் இல்லை.

எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா. அந்தப் பொட்டு விஷயம் வேண்டாம். கோர்ட்டில் அதை வாசித்தால் சிரிப்பார்கள்.