கழுத்தில் தொங்கிய கண்

மதியம் இரண்டு மணி. தொழிற்சாலைக்குப் பின்னால், ஒரு பக்கம் கிடங்குச் சுவரும் மறுபக்கம் கால்வாயுமாகப் போகிற சாலை. உருகும் தார் வாசனை... ஆள் நடமாட்டம் இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

என்னோடு நைட் ஷிஃப்ட் பார்த்தவனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. அந்தத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். இரண்டு கண்ணும் தெரியாது. கழுத்தில் போனைத் தொங்கவிட்டிருப்பார். அதன் கேமரா எதிரே இருப்பதைப் பார்த்து, இயர்போனில் ஒவ்வொன்றாகச் சொல்லும். கம்பம்... நாய்... ஒரு ஆள். சில சமயம் உளறும். மாமியாரை ஒருமுறை ‘அலமாரி’ என்றது. வீட்டில் ஒரு வாரம் அதே சிரிப்பு.

அன்று வேலை முடிந்து வீடு திரும்பும்போது, பாதி வழியில் அவருடைய வலது முழங்கையை ஒரு கை பிடித்தது. ஈரமான கை.

“என்னங்க, இந்த வெயில்ல தனியா வர்றீங்க? வாங்க.”

மனைவியின் குரல். அவளுடைய சோப்பு வாசனை. ஆனால் செருப்புச் சத்தம் ஒரு ஜோடிதான் கேட்டது... அவருடையது.

அவள் பக்கம் திரும்பினார். போன் சொன்னது: சுவர்.

“அன்னிக்கு உங்கம்மா அலமாரி. இன்னிக்கு நீ சுவரா?”

அவள் சிரிக்கவில்லை. இடப்பக்கமாகத் திருப்பி மெல்லத் தள்ளினாள். நாலு எட்டு. போன் சொன்னது: தண்ணீர்.

நின்றுவிட்டார்.

“அது உளறுதுங்க. என்னை நம்புவீங்களா, அதை நம்புவீங்களா?”

பன்னிரண்டு வருஷம் கூடவே வாழ்ந்த குரல். ஒரு காலை எடுத்து வைத்தார். கீழே தரை இல்லை... அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தார். பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

அந்த வழியாக வந்த லாரிக்காரர்தான் தூக்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்.

மனைவி கதவைத் திறந்தாள். எதிரே வந்து நின்றாள்.

“ஏங்க இப்படி நடுங்குறீங்க? என்னாச்சு?”

போன் சொன்னது: கதவு.

‘ஒரு ஆள்’ என்று அது சொல்வதற்காக ஒரு மூச்சு காத்திருந்தார். சொல்லவில்லை... போனை அணைத்துவிட்டார்.

ஏழு மாதம் ஆகிறது. அதே வீடு. அதே கட்டில். உள்ளே நுழைந்தால் போனைப் போடுவதே இல்லை.

போன வாரம் படுக்கும்போது அவளே கேட்டாளாம்.

“அதைக் கொஞ்சம் போடுங்களேன். என்னை என்னன்னு சொல்லுதுன்னு கேப்போம்.”