சிலுப்பாத பன்னி

எந்திரிக்காத மச்சான், படு, படு. கட்டுல மறுபடி ரத்தம் கசிஞ்சா அந்த நர்ஸம்மா என்னத்தான் வையும். தங்கச்சிய நான்தான் கீழ பசியாற அனுப்பிச்சேன். நாகப்பண்ணன் பக்கத்துல இருக்கேன், நீ போயி ரெண்டு ரொட்டி தின்னுட்டு வாம்மான்னேன். அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கு ஒன் பொண்டாட்டிக்கு. ரிங்லெட்ல மொத பஸ்ஸப் புடிச்சு, தாப்பாவுல மாறி, ஈப்போ வந்து சேர்றதுக்குள்ள எனக்கு கொடல் வெளிய வந்துருச்சு. இந்தா, ஆரஞ்சு வாங்கியாந்திருக்கேன். இரு, உரிச்சுத் தரேன். ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நீ எங்க உரிக்கப் போற.

ஏன் மூஞ்சத் திருப்பிக்கிற? வெட்டுனவனே வந்து பழம் உரிக்கிறானேன்னா? நீதான போலீஸுகிட்ட சொல்லியிருக்க, பன்னி துள்ளுச்சு, அறுவா தவறிருச்சுன்னு. எஸ்டேட் தொரையும் அப்படித்தான் கேட்டுட்டுப் போனாரு. பூசாரி நல்லுசாமி அதுக்கும் மேல ஒரு படி. மதுரைவீரன் சாமியே வந்து அறுவாளத் திருப்பி விட்டுட்டாராம். லயம் பூரா அதே பேச்சு லா. நீயும் அத நம்பிக்கிட்டு, பொழைச்சு வந்தா வீரனுக்கு கருப்புக் கெடா வெட்டுறேன்னு நேர்ந்துக்கிட்டியாமே. தங்கச்சி சொல்லுச்சு. தூக்கத்துல சாமி வந்து மெரட்டுதுன்னு அலறுறியாமே. அதக் கேட்டதுக்கு அப்புறந்தான் நான் பஸ் ஏறுனேன். இல்லாட்டி வந்திருக்க மாட்டேன்.

அந்தக் கெடாவ யாரு வெட்டுறது, சொல்லு. நான்தான வெட்டணும். எங்கப்பாவுக்கு அப்புறம் மதுரைவீரன் கோயில் அறுவாளத் தொட்டவன் இந்த எஸ்டேட்ல நான் ஒருத்தன்தான். பொழப்புக்கு தேயிலக் கொழுந்து வெட்டுறேன், அது வேற. ஆனா திருவிழா அன்னைக்கு நான் வெட்டுன ஆடு எதுவும் கத்துனதில்ல. ஒரே வெட்டு. தல கீழ விழுந்து கெடக்கும், வாயில தழை இன்னும் அசையும். செத்தது அதுக்கே தெரியாது. ஒரு ஜீவனக் கொல்லலாம் மச்சான். அலறவிடக் கூடாது. எனக்கு தெரிஞ்ச நாயம் அது ஒண்ணுதான்.

அதனாலதான் ஒன் கம்பி எனக்கு ஆகாது. அந்தத் தாய்ப்பன்னிய நீ அடிச்ச அன்னைக்கே சொன்னேன்ல? அஞ்சாம் நம்பரு மலைக்கு மேல, தேயில முடிஞ்சு காடு தொடங்குற எடத்துல, லோரி பிரேக் கம்பிய சுருக்குப் போட்டு வச்சிருந்த. அதுல மாட்டிக்கிட்டு ரெண்டு நாளா சுத்தி சுத்தி மண்ணெல்லாம் சேறாக்கி வச்சிருந்துச்சு அந்தத் தாய்ப்பன்னி. நீ கோடாலிய திருப்பிப் புடிச்சு மண்டையில அடிக்கிற. சம்சு சாராயம் ஊத்தியிருந்த, ஒரு அடியும் நேரா விழல. தாடை கழண்டு தொங்குது, ஒரு கண்ணு வெளிய வந்துருச்சு, அது இன்னும் நிக்குது. நீ சிரிக்கிற. என்னா உசுரு பாரு மச்சான், என்னா உசுருங்கிற. நான்தான் இடுப்புலேருந்து பாராங்குக் கத்தியப் புடுங்கி ஒரு போடு போட்டு முடிச்சு வச்சேன். கறிய நானுந்தான் தின்னேன். பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வெறகுக்குப் போனப்பதான் அந்தக் குட்டி. ஒன்னோட இன்னொரு கம்பியில பின்னங்காலு. முதுகுல கோடு போட்டாப்புல இருக்குமே, அந்த வயசு. கம்பி தோல அறுத்து, சதைய அறுத்து, எலும்புல போயி நிக்குது. தொண்ட கட்டிப் போயி சத்தம் வரல, வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுது. கம்பிய பாராங்கால ஓங்கி ஓங்கிப் போட்டேன். கம்பி அப்படியே கெடக்கு, பாராங்கு வாய்தான் மடங்கிப் போச்சு. அந்த மடங்குன வாயத்தான் நீ லயத்துல எல்லாருக்கும் காட்டிச் சிரிச்ச, ஞாபகம் இருக்கா? அப்புறம் வெரலால ஒவ்வொரு முறுக்கா பிரிச்சேன். அது என் கட்டவெரலக் கடிச்சு நகத்தப் பேத்துருச்சு. இந்தா பாரு, இன்னும் சரியா மொளைக்கல.

இந்தா, ஒரு சொளை வாங்கிக்க. வேணாமா? சரி, அப்புறம்.

கொழுந்து சாக்குல சுத்தி வீட்டுக்கு கொண்டாந்தேன். ஏன் கொண்டாந்தேன்னு கேட்டா எனக்கே தெரியாது. பொண்டாட்டி போனதுக்கு அப்புறம் வீட்டுல மூச்சு விடுற சத்தமே என்னோடது மட்டுந்தான். புண்ணுல புழு வச்சிருச்சு. தேங்கா எண்ணெயில கற்பூரத்தப் போட்டு ஊத்த ஊத்த, புழு வெளிய வந்து நெளியும். குச்சியால எடுத்து எடுத்து அடுப்புல போடுவேன். கஞ்சித் தண்ணியில டின் பால் கலக்கி வாயில விட்டேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட புண்ணுக்குப் பவுடர் கேட்டா, யாருக்குங்கிறாரு. எனக்குத்தான்யான்னு என் கட்டவெரலக் காட்டுனேன். பொழைச்சுக்கிச்சு. நொண்டி நொண்டி எம்பின்னாலேயே வரும். நொண்டின்னே பேரு வச்சேன்.

நீ சும்மா இருந்தியா? சம்சு நாத்தத்தோட, தோலுரிக்கிற கத்தியோட வந்து நின்ன. என் கம்பியில விழுந்தது என் பன்னின்ன. கொதிக்கிற தண்ணிச் சட்டிய எட்டி ஒதச்ச, அது மேல ஊத்தணும்னு. நான் ஒன்ன மூஞ்சியில குத்துனேன், ஒன் முன்பல்லு ஆடிப் போச்சு. நீ கத்திய எடுத்து என் தோளுல கோடு போட்ட. லயமே வெளிய வந்துருச்சு. அப்பத்தான் என் வாயில அது வந்துச்சு. இத வீரனுக்கு நேர்ந்துட்டேன்டா, தொட்டா ஒன் குடும்பம் வெளங்காதுன்னேன்.

பொய்யிதான். அப்ப தோணுச்சு, சொன்னேன். ஆனா வெட்டுறவன் வாயால வந்த சொல்லு பாரு, யாரும் சந்தேகப்படல. காட்டுப்பன்னிய நேர்ந்துக்கலாமான்னு நல்லுசாமி மட்டும் தாடியத் தடவுனாரு, அப்புறம் வீரன் வேட்டைக்காரருதான், ஏத்துக்குவாருன்னுட்டாரு. மஞ்சத்துணிய கழுத்துல கட்டி விட்டாங்க. நீயும் கத்திய கீழ போட்டுட்டு கையெடுத்துக் கும்புட்ட. அதுக்கு அப்புறம் அது சாமி பன்னி. யார் வீட்டுக் கொல்லையில பூந்தாலும் வெரட்ட மாட்டாங்க. ஒன் வீட்டு மரவள்ளியத் தோண்டித் தின்னுச்சே, வெறுமனே பாத்துக்கிட்டுத்தான நின்ன.

ஆனா நேர்ந்தத சாமி கேக்கும்ல. மொத வருசம் குட்டின்னு விட்டாங்க. அடுத்த வருசம் எனக்கு சோறு எறங்கல மச்சான். நானே காப்பாத்தி, நானே வளர்த்து, நானே வெட்டணும். ஓடிப் போயி காட்டுல விட்டா ஒன் கம்பி காத்துக்கிட்டு இருக்கு. நேர்ந்தது பொய்யின்னு சொன்னா அன்னைக்கே நீ அடிச்சுத் தின்னுடுவ. அப்பத்தான் அந்த வேலையப் பாத்தேன்.

நீதான் கடைசியில கண்டுபுடிச்சிட்டியே. வேலைவிட்டு வந்தா லயத்துக்குப் பின்னால அதுக்கு தண்ணி ஊத்துவேன், நீ வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்த. மஞ்சத்தண்ணி தெளிச்சா ஆடு ஒடம்ப சிலுப்பணும், சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு, சிலுப்பலன்னா வெட்டக் கூடாது. எத்தன வருசமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? காதுல தண்ணி பட்டா எந்த ஜீவனும் சிலுப்பும். அதனால அன்னையிலேருந்து தெனமும் அதுக்கு தலையில, காதுல, முதுகுல ஊத்தி ஊத்திப் பழக்கிட்டேன். சிலுப்புனா மூக்குல ஒரு தட்டு. சிலுப்பாம நின்னா ஒரு துண்டு சக்கரவள்ளி. அப்புறம் மழையில நின்னாக்கூட செல மாதிரி நிக்கும்.

ரெண்டு வருசம் நல்லுசாமி கொடம் கொடமா ஊத்துனாரு. உருமிக்காரன் கை வலிச்சுப் போயி நிறுத்திட்டான். நொண்டி கண்ண மூடிக்கிட்டு நிக்குது, எப்படா சக்கரவள்ளி வரும்னு. சாமி உத்தரவு இல்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுட்டாங்க. நான் கோயிலுக்குப் பின்னால போயி உக்காந்து அழுதேன். சந்தோசத்துலதான்.

அப்புறம் இந்த வருசம். காட்டுப்பன்னி பெருசாயிருச்சு, கோரப்பல்லு வேற நீட்டிக்கிட்டு இருக்கு, கயிறு தாங்காது, நான் கம்பி போட்டுப் புடிச்சுக்கிறேன்னு நீயா முன்னால வந்த. எல்லாரும் நல்லதுதானன்னாங்க. ஆனா நீ சுருக்க எங்க மாட்டுன? முன்னங்கால விட்டுட்ட. நல்ல பின்னங்கால விட்டுட்ட. அந்தப் பழைய புண்ணு மேல மாட்டுன. அதே பிரேக் கம்பி. முடி மொளைக்காம வழவழன்னு ஒரு வளையம் இருக்குமே, நான் வெரலால எண்ணெய் தடவித் தடவி ஆத்துனது, அதுல சரியா போயி உக்காந்துச்சு கம்பி.

நல்லுசாமி தண்ணி ஊத்துனாரு. நொண்டி கண்ண மூடிக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாவது கொடம். நின்னுச்சு. நீ கம்பிய கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்ட. என்னப் பாத்து சிரிச்ச. ஆமா, சிரிச்ச, இல்லங்காத. அந்தத் தாய்ப்பன்னிய அடிச்சப்ப சிரிச்ச அதே சிரிப்பு. அப்புறம் ஒரு சுண்டு சுண்டுன. புண்ணு பொளந்து ரத்தம் கொளம்பு வரைக்கும் வழியுது. தல காலு எல்லாம் ஒதறி, ஒடம்பையே சிலுப்பிருச்சு அது. உத்தரவு ஆயிருச்சுன்னு கூட்டம் கத்துது. பொம்பளைங்க கொலவ போடுறாங்க. வெட்டு நாகப்பா, வெட்டுன்னு நல்லுசாமி கத்துறாரு. அது கத்துச்சு பாரு, எல்லாத்துக்கும் மேல. குட்டியா இருந்தப்ப தொண்ட கட்டிப் போயி வராத சத்தம், அன்னைக்கு வந்துச்சு. என்னப் பாத்துத்தான் கத்துச்சு.

எல்லாரும் பன்னி சிலுப்புனதப் பாத்தாங்க. நான் ஒன் கையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

வலிக்குதா? வலிக்கும். இல்லாத வெரலு அரிக்குமாமே, அப்படியா? டிரசர் சொன்னாரு. கம்பியோட சேத்து ஒன் கையயும் இழுத்துக்கிட்டு அது தேயிலக்குள்ள பூந்துருச்சு. நான்தான் தேடிப் போனேன். காட்டு ஓரம் கானு வாய்க்கால்ல ஒன் கை கெடந்துச்சு, கம்பிய இன்னும் இறுக்கிப் புடிச்சபடி. சுருக்கு மட்டும் தளர்ந்து கழண்டு கெடந்துச்சு. அதுக்கு அந்தாண்ட ரத்தத்தோட கொளம்புத் தடம், நேரா மேல, காட்டுக்குள்ள. கைய என் வேட்டியில சுத்தி எடுத்தாந்தேன். ஒட்ட முடியாதுன்னுட்டாங்க டாக்டருங்க.

அதுக்கு முன்னாடியே ஒன் முழங்கைக்கு மேல தலத்துண்டால முறுக்கிக் கட்டுனது யாரு? நான்தான். திரிங்காப்புலேருந்து கோஸ் ஏத்திக்கிட்டு எறங்குன லோரிய மறிச்சது நான்தான். அந்த கோஸ் மூட்ட மேல ஒன்னப் படுக்க வச்சு, தாப்பா வரைக்கும் கட்டவெரலால ரத்தக் கொழாய அமுக்கிக்கிட்டு வந்தேன். நீயும் வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுன, சத்தம் வரல. சாக விட மனசு வரல மச்சான். அடிபட்ட ஜீவனப் பாத்தா எனக்கு அப்படித்தான்.

அதனால அழுவாத. நீ கம்பிய சுண்டுனத நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். கெடாவும் நேர்ந்துக்காத, நேர்ந்த நேர்த்திய வாபஸ் வாங்கிக்க. ஒன் கனவுல வர்றது வீரன் இல்ல. யோசிச்சுப் பாரு. நீ சாமிய ஒரு நாளு ஏமாத்துன. நான் வருசக்கணக்கா ஏமாத்துனேன். அவருக்கு கோவம் வந்தா மொதல்ல என் கைதான போயிருக்கணும்? அவரு பாட்டுக்கு படையல் சுருட்டப் புடிச்சுக்கிட்டு கோயில்ல நின்னாரு. அறுவாள யாரும் திருப்பல. என் வெட்டு என்னைக்கும் தவறுனதில்ல, ஒனக்கே தெரியும்.

கம்பியில போட்டா அறுவா வாய்தான் மடங்கும். அதான் கையில போட்டேன்.

இந்தா, கொட்டையெல்லாம் எடுத்துட்டேன். வாயத் தொற.